ஓட்டை விழுவதற்கு முன் ஒரு வெள்ளைக் கோடு

என் பாட்டிக்குப் பல்வலி வந்தால் ஒரே வைத்தியம்தான். கண்டங்கத்திரி விதையைத் தணலில் தூவி, எழும் புகையை ஒரு குழல் வழியாக வாய்க்குள் பிடித்துக்கொள்வார். எச்சில் ஒழுக ஒழுகக் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். அப்புறம் கிண்ணத்தைக் காட்டி, "பாரு, பூச்சி விழுந்திருக்கு" என்பார். வெள்ளையாய், நூல் மாதிரி ஏதோ கிடக்கும். எங்களுக்கு உடம்பெல்லாம் கூசும்.

பூச்சி பல்லை அரிக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பாபிலோனியக் களிமண் பலகையிலேயே பல் புழுவின் கதை இருக்கிறது. ஐரோப்பாவில் குரோசாணி ஓம விதையை வைத்து இதே புகை வைத்தியம் நடந்தது. சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளியே வரும் முளைக்கரு பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். பல்லிலிருந்து விழுந்த புழு என்று காட்டியது அதைத்தான். பாட்டியின் கிண்ணத்தில் கிடந்ததும் அந்த வகையறாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபொஷார் 1728இல் எழுதிய நூலில், தேடிப் பார்த்தும் அப்படி ஒரு புழு தன் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார். முந்நூறு ஆண்டு ஆகப்போகிறது, நாம் இன்னும் "பூச்சிப்பல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாட்டி சொன்னது முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. வாய்க்குள் உயிர்கள் இருக்கத்தான் செய்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில். பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கர் வில்லோபி மில்லர் அதைக் கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே நடத்திக் காட்டினார். பிடுங்கிய பற்களை எச்சிலில் போட்டு, கூடவே ரொட்டித் துண்டையோ சர்க்கரையையோ சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தார். பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து பல் மெதுவாகியது. ரொட்டிக்குப் பதிலாக இறைச்சியைப் போட்டபோது அப்படி ஆகவில்லை. எச்சிலைக் கொதிக்கவைத்துவிட்டு ரொட்டியைப் போட்டபோதும் ஒன்றும் நடக்கவில்லை. கொதித்ததில் செத்தது எதுவோ அதுதான் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தைக் கக்குகிறது, பல்லைக் கரைப்பது அந்த அமிலம். 1890இல் மில்லர் வெளியிட்ட இந்த விளக்கத்தின் எலும்புக்கூடு இன்றும் அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் சேர்த்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: பல் கரைவது ஒருவழிப் பாதை அல்ல. சாப்பிட்ட சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்திருக்கும் பிசுபிசுப்பான கிருமிப் படலத்தில் அமிலம் ஏறுகிறது. அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தை மட்டுப்படுத்தும். எச்சிலிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்திருப்பதால், போனதில் ஒரு பங்கு பல்லுக்குத் திரும்பவும் வரும். ஒரு தடவை இனிப்பு சாப்பிட்டால் இந்த இறக்கமும் ஏற்றமும் முடிய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகிறது. 1940களில் ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து, பல்லின் மேலேயே இதை அளந்து பார்த்தார்.

வரவு செலவு நோட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பல் கொஞ்சம் கடன் படுகிறது, எச்சில் அதை அடைக்கிறது. அடைக்க நேரம் கொடுக்காமல் மறுபடி மறுபடி கடன் வாங்கினால்தான் கடைசியில் ஓட்டை.

போன மாதம் ஒருநாள் என் நோட்டை நானே எழுதிப் பார்த்தேன். காலை ஆறரைக்குக் காபி. எட்டரைக்கு டிபனோடு இன்னொரு காபி. பதினொரு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை இழுப்பறையில் இருக்கும் கடலைமிட்டாய் ஒன்று. நாலு மணிக்கு டீ. ஆறு மணிக்கு, வேலை முடியவில்லை என்ற துக்கத்தில், இன்னொரு டீ. படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால். மொத்தச் சர்க்கரை ஒன்றும் பயங்கரமில்லை. ஆனால் ஏழு தடவை. தடவைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால்கூட நாலரை மணி நேரத்துக்கு மேல் என் பற்கள் அமிலத்தில் ஊறியிருக்கின்றன. அதே சர்க்கரை மொத்தத்தையும் மூன்று வேளைச் சாப்பாட்டோடு முடித்திருந்தால் இரண்டு மணி நேரம்தான்.

எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம் என்று காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சொல்லும்போதே சங்கடமாக இருக்கும். சுவீடனில் லுண்ட் நகரத்தை ஒட்டிய விப்பேஹோல்ம் என்ற இடத்தில் அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. 1940களின் பிற்பாதியில் அங்கிருந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்குச் சாப்பாடுகளுக்கு நடுவே வாயில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் டாஃபி என்று கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 24 டாஃபி. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் பற்களை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்த ஆய்வு அது. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. 1954இல் முடிவு வெளியானது. சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை எடுத்தவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. நடுநடுவே ஒட்டும் இனிப்பைச் சாப்பிட்டவர்களுக்கு எக்கச்சக்கமாகக் கூடியது. சுவீடனில் குழந்தைகளுக்கு வாரத்தில் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் வாங்கிக்கொடுக்கும் பழக்கம் பரவியதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அந்த மிட்டாய்க்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது எத்தனை குழந்தைகளுக்குத் தெரியுமோ.

சர்க்கரைதான் குற்றவாளி என்பதற்கு இயற்கையே தந்த சாட்சியும் உண்டு. பழச்சர்க்கரையைச் செரிக்கமுடியாத ஓர் அரிய பரம்பரைக் குறைபாடு இருக்கிறது. அது உள்ளவர்கள் இனிப்பு சாப்பிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்பதால் வாழ்நாள் முழுக்க அதைத் தவிர்ப்பார்கள். சோறு, ரொட்டி எல்லாம் வழக்கம்போலச் சாப்பிடுவார்கள். அவர்களுக்குச் சொத்தை மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைத் தட்டுப்பாடு வந்தபோது நார்வேயிலும் ஜப்பானிலும் குழந்தைகளின் சொத்தை குறைந்தது. போர் முடிந்து சர்க்கரை திரும்பியதும் சொத்தையும் திரும்பியது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: வாயிலிருக்கும் கிருமி பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சரி, வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். எனாமலின் மேற்பரப்பு உடையாமல், அதற்குக் கீழேயிருந்து தாது கரையும்போது அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலான வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலும் ஈறை ஒட்டி, ஈறின் வளைவுக்கு இணையாக ஒரு கோடு மாதிரி. குழந்தையை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, மேல் உதட்டைத் தூக்கி, முன்பல்லை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் காய்ந்தால்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் அது ஓட்டை இல்லை, வலிக்காது, குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது. அங்கேயே நிறுத்தலாம், பல தடவை ஓரளவு திருப்பவும் செய்யலாம். ஓட்டை விழுந்த பிறகு எனாமல் தானாக வளர்ந்து மூடாது. அதன் உள்ளே உயிரணு கிடையாது, கையில் காயம் ஆறுவதுபோல் அது ஆறாது. ஆனால் ஓட்டை விழுந்த பல்லில்கூட அரிப்பு நின்றுபோவது உண்டு. கறுத்து, கெட்டியாகி, பளபளப்பாக இருக்கும் பழைய சொத்தைகள் அப்படித்தான்.

திருப்புவதற்கு உதவும் பொருட்களில் சான்று மிக வலுவாக இருப்பது ஃபுளோரைடுக்குத்தான். அது கண்டுபிடிக்கப்பட்ட கதை தருமபுரிக்காரர்களுக்கு உடனே புரியும். 1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொழில் தொடங்கினார். ஊரில் பலருடைய பற்களில் பழுப்புக் கறை. என்ன தேய்த்தும் போகாது. காரணத்தைத் தேடி அலைந்தவர், அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். விடை கிடைக்க 1931 ஆயிற்று. அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் தண்ணீரைச் சோதித்து, அதில் ஃபுளோரைடு எக்கச்சக்கமாக இருப்பதைக் கண்டார். கறை விழாமல் பல்லுக்குப் பாதுகாப்பு மட்டும் கிடைக்கும் அளவு எது என்று பல ஊர்களின் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்த்து, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் என்று அமெரிக்க அரசின் பல் மருத்துவர் டிரென்ட்லி டீன் கணித்தார். 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அந்த அளவுக்கு ஃபுளோரைடு கலக்கத் தொடங்கியது.

நம் பக்கம் பிரச்சினை தலைகீழ். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருக்கிறது. பல்லில் பழுப்புக் கறை, நீண்ட காலம் குடித்தவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் பாதிப்பு. இதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இலங்கையிலும் அனுராதபுரம் பக்கத்து வறண்ட பகுதிகளில் இதே தொல்லை உண்டு. ஆகவே "ஃபுளோரைடு விஷமா, மருந்தா?" என்று கேட்டால், எந்த ஊர்த் தண்ணீர், எவ்வளவு என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

தண்ணீரில் கலப்பதன் பயன்கூட முன்பு இருந்த அளவு இப்போது இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சலித்து எடைபோடும் காக்ரேன் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 1975க்குப் பிந்தைய ஆய்வுகளில் கிடைத்த பலன் ஒரு குழந்தைக்குச் சராசரியாகக் கால் பல் அளவுதான். காரணம் எளிது. இப்போது ஃபுளோரைடு பற்பசையிலேயே வந்துவிட்டது. முன்பு விழுங்கினால்தான் பல் உறுதியாகும் என்று நினைத்தார்கள். இன்றைய புரிதல்படி அது பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் நின்றுதான் வேலை செய்கிறது. கரைந்துபோன தாது திரும்பி வரும்போது ஃபுளோரைடும் அதோடு சேர்ந்து உட்கார்ந்தால், அந்த இடம் முன்னைவிட அமிலத்தைத் தாங்கும்.

பற்பசைக்கான சான்று எவ்வளவு? 2003இல் வந்த காக்ரேன் தொகுப்பு 70 ஆய்வுகளையும் 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் உள்ளடக்கியது. ஃபுளோரைடு பேஸ்டால் தேய்த்தவர்களுக்கு, ஃபுளோரைடு இல்லாத பேஸ்டால் தேய்த்தவர்களைவிடச் சொத்தை 24 சதவீதம் குறைவு. கால்வாசி. பெட்டிக்கடையில் கிடைக்கும் ஒரு பொருளுக்கு இது பெரிய சாதனை. ஆனால் எல்லாப் பேஸ்டும் ஒன்றல்ல. பலன் தெளிவாகத் தெரிவது 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு ஃபுளோரைடு) அளவும் அதற்கு மேலும்தான். இந்தியச் சட்டம் கடையில் சாதாரணமாக விற்கும் பேஸ்டில் அதிகபட்சம் 1000 பிபிஎம் அனுமதிக்கிறது, அளவை அட்டையில் அச்சிடவும் சொல்கிறது. அதனால் டியூபின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூலிகை, கிராம்பு, உப்பு, கரி என்று முன்பக்கம் எழுதியிருக்கும் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. குழந்தைகள் பேஸ்ட் என்று பொம்மை போட்டு விற்பவற்றில் சில 500 பிபிஎம்தான். என் கருத்தில், அளவைக் குறைக்க வேண்டியது டியூபுக்குள் இல்லை, பிரஷின் மேலே. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாய்ப் பிதுக்குகிறார்களே, அது கடைக்காரருக்கு நல்லது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். தேய்த்து முடித்ததும் நாம் குவளை குவளையாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கிறோம். "காரித் துப்பி நல்லா கொப்பளி" என்று பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறோம். ஃபுளோரைடு பல்லின் மேல் தங்கினால்தான் வேலை செய்யும் என்றால், தேய்த்த உடனே அதைக் கழுவிவிடுவது எதற்கு? நுரையைத் துப்பினால் போதும். முதல் வாரம் வாய் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். எந்த நேரம் தேய்ப்பது என்ற கேள்வியிலும் நம் வழக்கம் கொஞ்சம் இடறுகிறது. காலையில் எழுந்ததும் தேய்க்காமல் காபி குடிப்பவரை நாம் ஒரு மாதிரி பார்ப்போம். இரவில் தேய்க்காமல் படுப்பவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். நோட்டில் கடன் அடைக்க ஆளே இல்லாத நேரம் அது. ஒரு நேரம்தான் முடியும் என்றால் நான் இரவைத்தான் சொல்வேன்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழியை இங்கே யாராவது நினைவுபடுத்துவார்கள். குச்சியை மென்று பிரஷ்போல ஆக்கித் தேய்த்தால் படலம் நீங்கும், அதில் சந்தேகமில்லை. ஈறுக்கு நல்லது. ஆனால் சொத்தையைத் தடுப்பதில் தேய்ப்பைவிடத் தேய்ப்போடு வரும் ஃபுளோரைடுக்குத்தான் பெரிய பங்கு. நூல் போட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதற்கும் சொத்தை தொடர்பான சான்று பலவீனம்தான். எண்ணெய் கொப்பளிப்பதற்கு இன்னும் பலவீனம். செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை, பேஸ்டுக்குப் பதிலாக அதைச் செய்யவேண்டாம்.

"விழப்போற பல்லுதானே"

பால் பல் சொத்தையைப் பார்த்தால் பெரியவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. பின்பக்கப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கவேண்டியவை. நாலு வயதில் கெட்டால் ஆறேழு வருடம் குழந்தை ஒரு பக்கமாகவே மென்று, இரவில் எழுந்து அழுது, சாப்பாட்டைக் குறைத்து, பள்ளிக்கு லீவு போட்டுக் காலம் தள்ள வேண்டும். சீக்கிரம் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியிலிருந்து வரும் நிலைப்பல்லுக்கு இடமில்லாமல் போகும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவைக்கும் வீடுகளில் மேல் முன்பற்கள் நான்கும் ஒன்றரை, இரண்டு வயதிலேயே அரித்துப்போவதைப் பார்க்கலாம். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடும்.

இன்னொரு கோளாறு ஆறு வயதில் நடக்கிறது. கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். பல் எதுவும் விழவில்லையே என்று வீட்டில் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதுதான் முதல் நிலையான கடைவாய்ப் பல், சாகும்வரை மெல்ல வேண்டியது. பாதி முளைத்த நிலையில் பிரஷ் அதை எட்டாது. மேலே ஆழமான பள்ளங்கள், பிரஷின் இழையைவிடக் குறுகலானவை. குழந்தைகளின் நிலைப்பற்களில் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இதுதான். அந்தப் பள்ளங்களைப் பிசின் மாதிரி ஒன்றால் மூடிவிடலாம், ஊசி இல்லை, குடைவதில்லை, சில நிமிட வேலை. சீலன்ட் என்பார்கள். காக்ரேன் தொகுப்பின்படி இரண்டு ஆண்டுகளில் சொத்தை 11 முதல் 51 சதவீதம் வரை குறைகிறது. மருத்துவர் பூசிவிடும் ஃபுளோரைடு வார்னிஷுக்கும் நல்ல சான்று இருக்கிறது: நிலைப்பற்களில் சுமார் 43, பால் பற்களில் 37 சதவீதம் குறைவு. நம் ஊரில் பல் கிளினிக்குக்கு வலி வந்த பிறகே போவதால் இந்த இரண்டையும் கேட்டு வாங்குபவர்கள் கொஞ்சம்தான்.

சொத்தை வந்தே விட்டது என்றால்? இங்கேதான் கடந்த முப்பது ஆண்டுகளில் சிந்தனை நிறைய மாறியிருக்கிறது. பழைய பாடம்: கெட்ட பகுதியைத் துளிகூட விடாமல் குடைந்தெடு, பிறகு அடை. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் வேறு மாதிரி செய்துகொண்டிருந்தார். பால் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தால் ஊசி போடமாட்டார், குடையமாட்டார். முன்கூட்டியே செய்து வைத்த உலோகத் தொப்பியில் சிமெண்டை நிரப்பி, பல்லின் மேல் வைத்து, குழந்தையையே கடித்து அழுத்தச் சொல்லிவிடுவார். சொத்தை உள்ளேயே இருக்கும். கேட்டபோது சக மருத்துவர்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதா? அங்கேயுள்ள டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய பதிவேடுகளைப் புரட்டியபோது முடிவுகள் நன்றாக இருந்தன. அப்புறம் முறையான சோதனை செய்தார்கள். 132 குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பல்லில் ஹால் முறை, இன்னொன்றில் வழக்கமான அடைப்பு. இரண்டு வருடத்துக்குப் பக்கத்தில் பார்த்தபோது வலி, சீழ் போன்ற பெரிய தோல்வி வழக்கமான பல்லில் 15 சதவீதம், ஹால் முறையில் 2 சதவீதம். குழந்தைகளுக்கும் பிடித்திருந்தது.

தர்க்கம் மில்லரின் குழாயில் இருந்ததுதான். சர்க்கரை போய்ச் சேராவிட்டால் கிருமி பட்டினி, அமிலம் இல்லை. காற்றுப் புகாமல் மூடிவிட்டால் அரிப்பு நின்றுவிடுகிறது.

இன்னும் எளிய வழி ஒரு துளித் திரவம். வெள்ளியும் ஃபுளோரைடும் சேர்ந்த கரைசலை, சில்வர் டயமீன் ஃபுளோரைடு என்று பெயர், பஞ்சால் ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சொத்தையில் தொட்டுவைப்பார்கள். ஜப்பானில் 1960களின் இறுதியில் தொடங்கியது. பால் பற்களில் பத்துச் சொத்தைகளில் எட்டு அளவுக்கு அங்கேயே நின்றுவிடுவதாக ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. குறை ஒன்று: பூசிய சொத்தை மை மாதிரி கறுத்துவிடும். முன்பல் என்றால் "பிள்ளை சிரித்தால் அசிங்கமா இருக்காதா?" என்று தாய் கேட்பார், நியாயமான கேள்வி. மாற்று வழி மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்குவது என்றால், நான் கறுப்பையே தேர்ந்தெடுப்பேன்.

பெரியவர்களிடமும் குடைவது குறைந்துவருகிறது. ஆழமான சொத்தையில், நரம்புக்கு மிக அருகில் இருக்கும் மெதுவான பகுதியைச் சுரண்டாமல் விட்டு, ஓரங்களை மட்டும் கெட்டியாகும்வரை சுத்தம் செய்து இறுக்கமாக அடைத்துவிடுவதே இப்போது பரிந்துரை. துடைத்தெடுக்கப் போய் நரம்பைத் திறந்துவிட்டால் வேர் சிகிச்சை வரை செலவு இழுக்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு வேறு தொல்லை. ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும், அங்கே எனாமல் கவசம் கிடையாது. ரத்தக் கொதிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் மாத்திரைகளில் பல வாயை உலரவைக்கும். எச்சில் போனால் கடன் அடைக்கும் ஆளும் போயாயிற்று. வாய் வறட்சிக்கு நாள் முழுக்க மிட்டாய் ஒன்றை அதக்கிக்கொண்டிருந்தால் இரண்டே வருடத்தில் வேர்கள் வரிசையாகப் போகும். இவர்களுக்கு 5000 பிபிஎம் பேஸ்ட் பயன்படுகிறது. அது மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கவேண்டியது, வீட்டில் குழந்தைகளின் கைக்கு எட்டக்கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் பல் மருத்துவரைப் பார்க்கவேண்டுமா? பிரிட்டனில் பெரியவர்களிடம் நான்கு ஆண்டுகள் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனவர்களுக்கும், அவரவர் ஆபத்துக்கு ஏற்ற இடைவெளியில் போனவர்களுக்கும் வாய் ஆரோக்கியத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆபத்து குறைந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு இடைவெளிகூடப் போதுமானதாக இருந்தது. புதிதாகச் சொத்தை வந்துகொண்டே இருப்பவருக்கு இது பொருந்தாது, அவர் மூன்று, ஆறு மாதத்தில் போகவேண்டும்.

கடைசியாக வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இழுத்து உடனே போய்விட்டால் பெரும்பாலும் அடைப்பதோடு முடியும். சூடு பட்டு வலித்து நீண்ட நேரம் நிற்காமல் குத்தினால், படுத்ததும் தெறித்தால், நரம்பு வரை போய்விட்டது. வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவது. மெடிக்கலில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் பல்வலியைக் குணப்படுத்தாது. செத்துப்போன நரம்பின் குழிக்குள் ரத்த ஓட்டமே இல்லாதபோது மருந்து எப்படிப் போய்ச் சேரும்? கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டமாக இருந்தால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சில நாள் உயிரை வாங்கிய வலி ஒருநாள் காலையில் சட்டென்று காணாமல் போவதும் உண்டு. பல் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். உள்ளே நரம்பு செத்திருக்கும். பாட்டி கடைசியாகப் புகை பிடித்தபோது அப்படித்தான் ஆனது. "பூச்சி மொத்தமும் போயிருச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தப் பல் அதற்குப் பிறகு வலிக்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து, தாடை வீங்கி, சீழோடு அது கையில் வந்தது.